கணக்குப் பரீட்சையன்று பெருமாள் காட்டிய வழி

கணக்கில்தான் தவறினேன். ஐம்பதுகளின் நடுவில் சென்னையில் பி.எஸ்ஸி. படித்தேன். பௌதிகத்தில் நல்ல மார்க். துணைப்பாடமான கணிதத்தில் மட்டும் ஃபெயில், மறுபடியும் ஃபெயில். அதில் தேறாவிட்டால் பட்டமே கிடையாது. பாடத்திட்டம் மாறுவதால், வரும் புரட்டாசிப் பரீட்சைதான் எங்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று வேறு சொல்லிவிட்டார்கள்.

அதற்குள் கல்யாணமாகித் திருவள்ளூர் பக்கத்துக் கடம்பத்தூருக்கு வந்திருந்தேன். நிறைமாதம். பிரசவத்துக்குச் சொன்ன நாளும் பரீட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. புத்தகத்தைத் திறந்தாலே கை சில்லிட்டுவிடும். நேற்றுப் போட்ட கணக்கு இன்று புதிதாகத் தெரியும். பரீட்சை முடியும்வரை குழந்தை பொறுத்திருக்க வேண்டுமென்று திருவள்ளூர் வீரராகவப் பெருமாளை வேண்டிக்கொண்டே இருந்தேன்.

பரீட்சையன்று மாமியாரோடு சென்னைக்கு ரயிலேறினேன். பாதி வழியில்தான் உறைத்தது. காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை.

"இன்னாம்மா, மூஞ்சி இப்டி வெளுத்துக்கீது?" என்றார் மாமியார்.

"கொயந்த அசையல அத்தை."

அவர் என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். "எறங்கினதும் ஆஸ்பத்திரிக்குப் போலாம். பரீச்ச எங்க ஓடிடப்போவுது?"

"ஓடிடும் அத்தை. இதான் கடைசி."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். 'பெருமாளே, பட்டம் போனால் போகட்டும். குழந்தையைக் கொடு' என்று வேண்டினேன். கண்ணைத் திறந்தபோதும் அசைவில்லை. "ஆஸ்பத்திரிக்கே போலாம் அத்தை" என்றேன்.

அங்கே கூட்டமான கூட்டம். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, அந்தப் பக்கம் போன ஒரு டாக்டரம்மா தானாகவே நின்றார். யார் அனுப்பி அவர் நின்றாரென்று எனக்குத் தெரியும். உள்ளே அழைத்துப்போய் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார்.

"நல்லாத் துடிக்குது. காலைல சாப்டியா?"

"இல்ல டாக்டர். பயத்துல எறங்கல."

பாலில் சர்க்கரை போட்டுக் கொடுக்கச் சொன்னார். குடித்த சற்று நேரத்தில் விலாவில் ஓர் உதை விழுந்தது. மாமியார் அழுதுவிட்டார். அவரே ஓடிப்போய் ரிக்‌ஷா பிடித்தார். "இன்னும் டைம் கீதும்மா, ஏறு."

பரீட்சை ஹாலுக்குள் விடும் நேரம் முடியப்போகும்போது போய்ச் சேர்ந்தேன். சில கணக்குகள் வரவேயில்லை. வந்தவற்றை விடாமல் எழுதினேன்.

அந்த வாரமே மகள் பிறந்தாள். ரிசல்ட் வரும்வரை நிம்மதியில்லை. கடைசியில் மயிரிழையில் தேறியிருந்தேன். பட்டம் வந்தது, பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலையும் கிடைத்தது.

பயம் அடியோடு போய்விட்டதென்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது எது வேண்டுமென்று பெருமாளிடம் நிபந்தனை போடுவதில்லை. எதை முதலில் காப்பாற்றுவதென்று தெரியாமல் தவிக்கிறவர்கள், அவரிடமே விட்டுப் பாருங்கள். நான் ஒன்றை விட்டுக்கொடுத்தேன். அவர் இரண்டையும் கொடுத்தார்.