அருந்ததியைத் தேடி ஒரு வாடகை வேன்

கடந்த மே மாதம், கட்டுமானத் தளத்துக் கிரேன் ஒன்றின் உச்சி விளக்கைப் படமெடுத்து, "இதுதான் அருந்ததி" என்று என் மனைவிக்கு அனுப்பிவைத்தேன். கோயம்புத்தூரிலிருந்து அவளும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். மறுநாள் காலை காப்பிக் கோப்பையோடு சிங்கப்பூரின் தோ பாயோவில் இருக்கும் எங்கள் அடுக்குமாடியின் நடைவழிக்கு வந்து வடக்கே பார்த்தால், நான் அரை மணி நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு படமெடுத்த அதே இடத்தில் மஞ்சள் நிறக் கிரேன் ஒன்று நின்றுகொண்டு கான்கிரீட் பலகை தூக்கிக்கொண்டிருந்தது. உச்சியில் அருந்ததி பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தாள். பதிவிரதை அல்லவா.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். இங்கே இருப்பவர்களுக்கு என் சங்கடம் புரியும். சிங்கப்பூரில் இருட்டு என்ற பொருள் கடையில் கிடைப்பதில்லை. இரவு பத்து மணிக்கு அண்ணாந்து பார்த்தால், யாரோ விளக்கை அணைக்க மறந்துபோன கூடம் மாதிரி வானம் ஆரஞ்சு நிறத்தில் கிடக்கும். அதில் நகர்வது விமானம், நகராதது கிரேன். கோயம்புத்தூரில் நான் வளர்ந்த காலத்தில் மின்வெட்டு வந்தால் குடும்பத்தோடு மொட்டை மாடிக்குப் போய் விசிறிக்கொண்டு படுப்போம். வேறு வேலை இல்லாததால் மேலே பார்ப்போம். எனக்குத் தெரிந்த வானியல் முழுவதும் மின்வாரியத்தின் கைங்கரியம். இந்த ஊருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒரு நாளும் மின்சாரம் போனதில்லை. அதனால் வானமும் வந்ததில்லை.

இந்த வயதில் நட்சத்திரத்துக்கு என்ன திடீர்த் தேவை என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கௌரி, தன் அம்மாவின் இடுப்பு அறுவை சிகிச்சைக்காக மூன்று மாதம் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள். அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார். கௌரி வரவில்லை. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்துவிட்டாள். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனவே, "பிள்ளை படிப்புக்காக" என்று ஊராருக்குச் சொல்லிக்கொள்ளும் வசதியும் இல்லை. பிரிந்துவிட்டீர்களா என்று யாராவது கேட்டால் இருவருமே உடனே இல்லை என்போம். சேர்ந்திருக்கிறீர்களா என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்போம்.

ஏப்ரலில் ஒரு நாள் தொலைபேசியில் கௌரி நேரடியாகவே கேட்டுவிட்டாள். "நான் இங்கதான்னு முடிவு பண்ணிட்டேனுங்க. நீங்க வர்றீங்களா, அங்கயே இருந்துக்கறீங்களா? எதுன்னாலும் சொல்லிப்போடுங்க."

நான் கப்பல் கம்பெனியில் கணக்கு பார்ப்பவன். வார இறுதிகளில் 'நகைச்சுவை' என்ற தலைப்புக்குக் கீழே பத்திரிகைகளில் எழுதுபவன். இரண்டாவது தொழில்தான் நாக்கில் முதலில் வரும். "ரெண்டு ஊருக்கும் நடுவுல பாலம் போடச் சொல்லி மனு கொடுத்திருக்கேன், பதில் வந்ததும் சொல்றேன்" என்றேன்.

 கௌரி, "உங்ககிட்ட எல்லாத்துக்கும் ஜோக் இருக்குது. பதில்தான் இல்லை" என்று வைத்துவிட்டாள்.

பதில் இல்லை என்பது உண்மைதான். இங்கே எனக்கு வேலை இருக்கிறது, சாப்பாட்டுக் கடைக்காரருக்கு என் காப்பியின் சர்க்கரை அளவு தெரிந்திருக்கிறது, நூலகத்தில் என் நாற்காலி என்று ஒன்று இருக்கிறது. அங்கே கௌரி இருக்கிறாள். இதைத் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்று எந்த மூடனுக்கும் தெரியும். ஆனால் தராசைத் தூக்கத்தான் கை வரவில்லை. ஜூனில் எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் வரவிருந்தது. கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத ஆண்கள் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். பரிசு கொடுக்க முடிவெடுத்தேன்.

எங்கள் கல்யாணத்தில் அம்மி மிதித்த கையோடு ஐயர் எங்களை மண்டபத்து வாசலுக்குக் கூட்டிவந்தார். காலை ஒன்பது மணி. வெளுத்த வேட்டியைக் காயப்போட்ட மாதிரி வானம். அதில் ஓரிடத்தைக் காட்டி, "அருந்ததி தெரியறதா?" என்றார். நான் உடனே "தெரியுது" என்றேன். வீடியோக்காரர் காத்திருந்தார், பந்தியில் இலை போட்டாகிவிட்டது. கௌரி மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேர்மையாகத் தேடினாள். "தெரியலைங்களே" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "தெரியறதுன்னு சொல்லும்மா, நாழியாறது" என்றார் ஐயர். அவள் சொல்லவே இல்லை. அந்த நட்சத்திரத்தைத்தான் படமாக்கிச் சட்டம் போட்டு அனுப்புவதாக இருந்தேன். கிரேன் முந்திக்கொண்டது.

கிரேன் விவகாரத்துக்குப் பிறகு இருட்டைத் தேடி எல்லை தாண்டுவது என்று முடிவானது. லிட்டில் இந்தியாவின் பின்சந்து ஒன்றில், ஜவுளிக்கடை மாடியில், சாகுல் பாய் பழைய வேன்களைப் படுக்கை, அடுப்பு, மின்விசிறி எல்லாம் வைத்து மாற்றி வாடகைக்கு விடுகிறார். அவருடைய தாத்தா நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவர். பாய்க்கு ஊர் என்றால் இந்தச் சந்துதான்.

"எத்தனை பேருண்ணே?" என்றார்.

"ஒருத்தர்."

"டிரைவர் ஒருத்தர், ஓகே. மத்தவங்க?"

"அதுவும் நான்தான் பாய்."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணே, இது நாலு பேர் படுக்கற வேன்லா. ஃபேமிலி வேன். ஒருத்தருக்கு எதுக்கு? பேசாம ஓட்டல்ல ரூம் போடுங்க."

"நட்சத்திரத்தைப் படம் எடுக்கணும்."

"நட்சத்திரத்தையா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, எடுங்க. வேனை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்துடுங்க."

நிலா இல்லாத இரவு வேண்டும். அதற்குக் கைத்தொலைபேசியில் ஆயிரம் செயலிகள் இருக்கின்றன. நான் சிராங்கூன் சாலையில் வாங்கி மாட்டியிருந்த தினசரி காலண்டரில் அமாவாசையைப் பார்த்தேன். பார்த்த பாவத்துக்குச் சனிக்கிழமை கிழக்கே சூலம், பரிகாரம் தயிர் என்பதும் கண்ணில் பட்டுவிட்டது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நான் போகவிருந்த மெர்சிங், மலேசியாவின் கிழக்குக் கரை. எல்லைச் சாவடி இருக்கும் உட்லண்ட்ஸுக்குப் போகும் வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்ட்ராபெரி வாசனை போட்ட தயிர் ஒரு புட்டி குடித்தேன். பகுத்தறிவுக்கும் பரிகாரத்துக்கும் இடையே ஸ்ட்ராபெரி.

மெர்சிங்குக்குக் கொஞ்சம் வடக்கே, சவுக்கு மரங்கள் நிற்கும் ஒரு கடற்கரையில் வேனை நிறுத்தும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அங்கே ஒரே ஒரு சாப்பாட்டுக் கடை. நடத்தியவர் என் வயது இருக்கக்கூடிய மலாய்க்கார அம்மா. வானொலியில் பழைய பாட்டு ஒன்று சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் நாசி கோரெங் என்ற வறுத்த சோறு கேட்டேன். அந்த அம்மா வேனைக் காட்டினார். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்து ஏதோ கேட்டார். இரவு வேனிலேயே தூங்கப்போகிறாயா என்று கேட்கிறார் என நினைத்து, நமக்கே உரிய முறையில் தலையை ஆட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. சற்று நேரத்தில் இரண்டு தட்டு, இரண்டு கரண்டி, இரண்டு முட்டைப் பொரியலோடு வந்தார். வேனின் மூடிய திரையைப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தார். திரும்பிப் போய் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.

அப்போதுதான் புரிந்தது. உள்ளே என் மனைவி தூங்குகிறாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு மலாய் தெரியாது என்பது ஒரு காரணம். சைகையில் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? ஆள் இல்லை என்று கையை விரித்தால், இத்தனை பெரிய வேனில் ஏன் இல்லை என்று அடுத்த சைகை வரும். அதற்கு நான் எந்த விரலை மடக்குவேன்? இரண்டு தட்டையும் வாங்கிக்கொண்டு, சத்தம் வராமல் கதவைத் திறந்து உள்ளே போனேன். திரைக்குப் பின்னால், நாலு பேர் படுக்கும் கட்டிலில் உட்கார்ந்து, என் பங்கையும் கௌரியின் பங்கையும் சாப்பிட்டேன். கடை மூடும்வரை வானொலி முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண், இல்லாத ஒருத்தியின் தூக்கம் கலையக்கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தாள்.

வெளியே வந்து முக்காலியை மணலில் ஊன்றினேன். வேனின் ஏசிக் குளிரிலிருந்து வந்த லென்ஸ் உடனே வியர்த்துக்கொண்டது. துடைத்து முடிப்பதற்குள் கிழக்கே கணவாய் மீன் பிடிக்கும் படகுகள் விளக்கேற்றிவிட்டன. கடல்மேல் நாலைந்து கிரிக்கெட் மைதானங்கள் மிதப்பதுபோல் வெளிச்சம். எனக்கு வடக்குதான் வேண்டும். வடக்கே மேகம். காத்திருந்தேன். தனியாக இருப்பதில் ஒரு வசதி, யாரும் "இன்னும் எவ்வளவு நேரம்" என்று கேட்கமாட்டார்கள். ஒரு வசதிக்குறைவும் அதுவேதான்.

பத்து மணியைத் தாண்டி மேகம் விலகியது. சப்தரிஷி மண்டலம், கவிழ்த்து மாட்டிய கரண்டிபோலத் தொங்கியது. அதன் காம்பின் நடுவில் வசிஷ்டர். அவருக்குப் பக்கத்தில், கண்ணைச் சற்று விலக்கிப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி, ஒரு பொடிப் புள்ளி. அரை நூற்றாண்டு வாழ்ந்த பிறகு முதன்முறையாக அருந்ததியைப் பார்த்தேன். வாய்விட்டு "தெரியுது" என்றேன். கேட்க ஆளில்லை. படமெடுத்தேன். இம்முறை எந்தப் பக்கமும் கான்கிரீட் பலகை இல்லை.

கோயம்புத்தூரில் அப்போது எட்டு மணி. கௌரியை அழைத்தேன். "மொட்டை மாடிக்குப் போ. வடக்க பாரு. சீக்கிரம்."

படியேறும் மூச்சு கேட்டது. "என்னங்க அப்படி அவசரம்?" என்றவள், மேலே போய் நின்று, "ஒண்ணும் தெரியலைங்க. ஒரே மோடமா இருக்குது" என்றாள். ஜூன் மாதம் அங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்துகொண்டே இருக்கும். கோயம்புத்தூரில் பிறந்த எனக்கு அது மறந்துபோயிருந்தது. காலண்டரிலும் போட்டிருக்கவில்லை.

பேச்சை மாற்ற, சாப்பாட்டுக் கடைக் கதையைச் சொன்னேன். பத்திரிகைக்கு எழுதுவதுபோல நன்றாகவே சொன்னேன். இரண்டு முட்டைப் பொரியல் வரும் இடத்தில் கௌரி சிரித்தாள். வானொலி வரும் இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"எனக்காகவா சத்தத்தைக் குறைச்சாங்க?"

"ஆமா."

"காலையில எங்க உன் சம்சாரம்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"குளிக்கப் போயிருக்கான்னு..."

"ஜோக்கு வேண்டாங்க. நெசமா என்ன சொல்லுவீங்க?"

அலை வந்து முக்காலியின் காலைத் தொட்டுவிட்டுப் போனது. சொல்வதற்கு வேடிக்கையாக ஏதாவது இருக்கிறதா என்று உள்ளே தேடினேன். இல்லை. "தெரியலை கௌரி" என்றேன். "அங்க வந்தா நான் என்ன செய்வேன்னு தெரியலை. இங்கயே இருந்தா என்ன ஆவேன்னும் தெரியலை. பயமா இருக்கு."

 அவள் மாடியில் காற்று அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. இங்கே அடித்தது அவளுக்குக் கேட்டிருக்கும். பிறகு, "இத ஏப்ரல்லயே சொல்லியிருக்கலாமல்லங்க" என்றாள். கோபமில்லாத குரல். "நவம்பர்ல தீபாவளியை ஒட்டி பத்து நாள் லீவு போட்டுட்டு வர்றேன். நேர்ல உக்காந்து பேசிக்கலாம். தொப்பி ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? பனி கொட்டும், தலைக்குப் போட்டுக்கங்க."

கடற்கரையில் முப்பது டிகிரி வெப்பம். கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டேன்.

காலையில் அந்த அம்மா கடை திறப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். வீரம் அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து கௌரி விமான டிக்கெட்டை அனுப்பியிருந்தாள். கோயம்புத்தூர் – சிங்கப்பூர் – கோயம்புத்தூர். நானும் நீங்களும் இத்தனை காலம் எடுத்த டிக்கெட்டுகளை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் இரு முனையிலும் சிங்கப்பூர் இருக்கும், நடுவில் சில நாள் ஊர் இருக்கும். திரும்பி வருவது என்றால் இங்கே வருவது. அது எப்போது அப்படி ஆனது என்று நாம் யாரும் கவனித்ததில்லை. இந்த டிக்கெட்டில் நடுவில் நிற்பது நான். என் வீட்டுக்கு என் மனைவி போய்வரப்போகிறாள். கைத்தொலைபேசியில் அந்த டிக்கெட்டை எத்தனை முறை பார்த்தேன் என்பது வேண்டாம். எம்ஆர்டி ரயிலில் என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

ஆனால் வருகிறாள். அன்று மாலையே சிராங்கூன் சாலைக் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு சாகுல் பாயின் மாடிக்கு ஓடினேன். கைத்தொலைபேசியில் அருந்ததியைக் காட்டினேன். அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மரியாதைக்காகத் தலையசைத்தார்.

"அதே வேன் வேணும் பாய். இந்தத் தடவை ரெண்டு பேர். அவளுக்கு நட்சத்திரத்தைக் காட்டணும்."

"எப்பண்ணே?"

"நவம்பர்."

"நவம்பரா?" பாய் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பக்கம் அப்ப மழைலா. ஆரம்பிச்சா விடாது. நட்சத்திரமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ரெண்டு பேரும் வேனுக்குள்ள உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கவேண்டியதுதான்."