ஒற்றைக்காதுப் பூனையின் பஸ் பயணம்

ஐம்பதுகளில் ஆலங்குடிச் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருந்தேன். என் சரக்கில் பாதியைப் பூனைகள்தான் தின்றன. மீதியின் மேல் மூத்திரம் அடித்தன.

கடையின் பின்சுவரை ஒட்டித்தான் மீன் வெட்டுவார்கள். குடலும் செதிலும் அங்கேயே கிடக்கும். சோற்றுக்குக் கவலை இல்லாத பூனை குட்டி போடாமல் என்ன செய்யும்? குழி வெட்டி அதையெல்லாம் மூடச் சொல்லி, சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரிடம் பலமுறை கத்தினேன். மண்வெட்டிக்கு ஆள் இல்லையாம்.

அவருக்கு என் மேல்தான் கோபம். "ஒன் கடை நாத்தத்துக்குத்தான்யா இத்தனை பூனையும் வருது. அடுத்த சந்தைக்குள்ள இதுகளை ஒழிக்கல, கடையைக் காலி பண்ணிரு" என்றார். உடனே இதையும் சொன்னார்: "கொன்னுகின்னு போடாத. பூனை பாவம் பொல்லாதது. சாக்குல கட்டி அறந்தாங்கியில விட்ரு."

எங்கள் ஊர் தர்மம் அதுதான். கொன்றால் பாவம். அடுத்த ஊர்க்காரன் தலையில் கட்டினால் பாவம் இல்லை. போன மாதமும் ஒரு சாக்கு போயிருந்தது. அதில் எங்கள் சந்தை ரௌடியான ஒற்றைக்காதுக் கடுவன் பூனையும் போயிருந்தான். ஆனாலும் கூட்டம் குறையவில்லை.

எனக்கு அந்தக் கடையை விட்டால் பிழைப்பு இல்லை. நான்கு பூனைகளைப் பிடித்துச் சாக்கில் கட்டி பஸ் ஏறினேன்.

"என்னங்க, சாக்கு கத்துது?" என்றார் கண்டக்டர்.

"கோழி."

"கோழி மியாவ்ங்குது. அறந்தாங்கியில எறங்கி நல்லாக் கொழம்பு வைங்க."

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் ஆலங்குடி பஸ்ஸுக்காக நின்றார். அவரும் மீன் வியாபாரி. அவர் காலடியிலும் ஒரு சாக்கு. அதுவும் கத்தியது. என் சாக்கைப் பார்த்தார். நான் அவர் சாக்கைப் பார்த்தேன்.

"ஒங்க ஊருல இருந்துதான் வருதா அண்ணே இம்புட்டும்?" என்றார்.

"அப்ப எங்க ஊருக்கு வாரது?"

அவர் தன் சாக்கின் வாயைத் தளர்த்தினார். உள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஒரே ஒரு காது.

"இது எங்கூருக் கடுவன்யா!"

"அப்ப நீங்களே வச்சுக்கங்க" என்று அதை என் சாக்கில் திணித்துவிட்டார். எங்கள் பூனைகளை இறக்கிவிட இனி அந்த ஊரில் இடம் இல்லை என்பது புரிந்தது. நான்கோடு போனவன் ஐந்தோடு திரும்பினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே குத்தகைக்காரர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் சாக்கை அவிழ்த்துக் கொட்டினேன். ஒற்றைக்காது நேராக அடுப்படிக்குள் போனது. சட்டி உருண்டது.

"யோவ், இங்கிட்டு ஏன்யா விடுற?" என்று ஓடி வந்தார்.

"அறந்தாங்கிக்காரன் வேண்டாங்குறான். கொன்னாப் பாவம்னு நீங்கதான் சொன்னீங்க. வளத்துக்கங்க."

மறுநாள் காலையில் சந்தைக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அதுவரை கிடைக்காத ஆட்கள் எங்கிருந்து முளைத்தார்களோ! குடலும் செதிலும் குழிக்குள் போய் மண் விழுந்தது. தீனி குறைந்ததும் குட்டிகளும் குறைந்தன. கடையைக் காலி செய்யும் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

ஒற்றைக்காது மட்டும் அவர் வீட்டை விட்டு நகரவில்லை. அதுவரை என் கடையில் தனக்கென்று ஓசியில் கருவாடு அள்ளிப்போனவர், அதன் பிறகு பூனைக்கென்று சொல்லி அள்ளிப்போனார்.