அரிசி கழுவிய தண்ணீரும் பாலைவன ரோஜாவும்

பெரிய புயலில் லேக் மார்க்கெட் பக்கம் மரங்கள் வேரோடு சாய்ந்து, நாலு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அதற்கு மூன்றாவது குளிர்காலம் அது. ஜோத்பூரில் வேலை பார்த்த என் மகள் கொல்கத்தாவுக்கே மாற்றலாகி என் வீட்டுக்கு வந்தபோது ஒரு தொட்டிச் செடியைக் கொண்டுவந்தாள். பாலைவன ரோஜா. அடியில் கிழங்கு மாதிரி பருத்து, மேலே நாலு கிளை. மருமகன் சாவதற்கு முன் வைத்தது. இரண்டு மாதப் பயிற்சிக்கு டெல்லி கிளம்பும்போது, "அப்பா, இலை கொட்டினா பயப்படாதீங்க. தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இலை கொட்டியது. ஒன்றுகூட மிச்சமில்லை. மொட்டைக் கிளையைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நம் வீடுகளில் அரிசி கழுவிய தண்ணீரைக் கீழே கொட்டுவதில்லை. கறிவேப்பிலையோ துளசியோ, எது வாடினாலும் அதுதான் மருந்து. தினமும் ஒரு சொம்பு ஊற்றினேன். பத்தாம் நாள் கிழங்கை அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று.

எங்கள் கட்டடத்துக் காவல்காரர் ராஜஸ்தான்காரர். தொட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். "பாபுஜி, ஒட்டகத்தையும் தினம் குளிப்பாட்டுவீங்களோ?" என்று இந்தியில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே கார்டன் ரீச் கப்பல் தளத்தில் பெயிண்ட் அடித்த வயதில், பக்ரீத்துக்குக் கொண்டுவந்த ஓர் ஒட்டகத்தைப் பார்த்திருக்கிறேன். மணலில் புதையாத அந்த அகலப் பாதம் இந்த ஊர்ச் சேற்றில் வழுக்கி வழுக்கி, நின்ற இடத்திலேயே நடுங்கியது. அதுதான் ஞாபகம் வந்தது.

அவர் ஊரில் எல்லா உயிரும் சிக்கனமாம். ஒரு வகை எலி தண்ணீரே குடிக்காமல் விதையைத் தின்றே பிழைக்குமாம். ஓணான்கள் உச்சி வெயிலில் வளைக்குள் போய்விடுமாம். இந்தச் செடி கிழங்கில் தண்ணீரைச் சேர்த்துவைத்து, இலையை உதிர்த்துவிட்டுத் தூங்குமாம். சொல்லிக்கொண்டே பிடுங்கி, அழுகலைக் கத்தியால் சீவினார். பாதிக் கிழங்குதான் மிஞ்சியது. பதினைந்து நாள் அதைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் சொன்னார், சொட்டுத் தண்ணீர் காட்டாமல்.

மகள் வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம், அது தொங்கிய பால்கனிப் பக்கமே நான் போகவில்லை. பிறகு மணலும் உடைத்த செங்கலும் போட்டு நட்டோம். அவள் வந்த அன்று ஒரு துளிர்கூட இல்லை. நடந்ததைச் சொன்னேன். கிழங்கை விரலால் தொட்டாள்.

"கெட்டியாத்தான் இருக்குப்பா. வெயில் வரட்டும்."



சித்திரையில் ஊரே வாடியபோது அதில் ஒரு பச்சை முனை எட்டிப் பார்த்தது. பூதான் இன்றுவரை வரவில்லை. காலையில் எழுந்ததும் போய்க் கிழங்கை அழுத்திப் பார்க்கிறேன்.

புதிதாக வேலைக்கு வந்த நம் தமிழ்ப் பிள்ளைகள் லேக் மார்க்கெட்டில் இந்தச் செடியை வாங்கிப்போவதைப் பார்க்கிறேன். அவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வருவார்கள், அரிசி கழுவுவார்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.