மடியில் நிற்கிற கீபோர்டு

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், அடையாறில் ஒரு மருத்துவமனையில். அவர் உள்ளே படுத்திருக்கும் நேரமெல்லாம் நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இந்தித் தொடர்களின் வசனங்களைத் தமிழாக்கிக்கொண்டிருப்பேன். அதுதான் என் வேலை. அங்கே மேசை கிடையாது. மடியில் வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

டேப்லெட்டுக்கு மலிவாக ஒரு கீபோர்டு உறை வாங்கியிருந்தேன். திரையைத் தாங்கும் அதன் பின்பக்க அட்டை மடியில் ஊன்றாது. ஒரு நாள் உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட, சட்டென்று திரும்பினேன். டேப்லெட் தரையில் விழுந்தது. அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி ஆயாம்மா எடுத்துக் கொடுத்தார்.

"நல்லாத்தான் கீது, உடையல. இன்னாம்மா இது, மடியில நிக்கவே மாட்டேங்குது?"

டேப்லெட் கம்பெனியே விற்கிற அசல் உறையை வாங்கப்போவதாக அன்று மாலை கணவரிடம் சொன்னேன். விலையைப் பார்த்தார்.

"டைப் அடிக்கறதுக்கா இவ்வளவு?"

"நீங்க ஷூ வாங்கினப்போ, நடக்கறதுக்கா இவ்வளவுன்னு நான் கேட்டேனா?"

"அது ஹெல்த்து. நீ ஏதோ பொழுதுபோக பண்றே."

அதுவரை எனக்கே பாதி சந்தேகம் இருந்தது. அந்த வார்த்தைக்குப் பிறகு இல்லை. ஆனால் வீம்புக்காக ஏமாறவும் நான் தயாராக இல்லை.

மறுநாள் தி. நகர் கடைக்குத் தனியாகப் போனேன்.

"பையனுக்கா மேடம்?" என்றார் விற்பனையாளர்.

"எனக்கு. உக்கார ஒரு ஸ்டூல் குடுங்க."

"டேபிள்லயே வெச்சுப் பாருங்களேன்."

"நான் வேலை செய்யற இடத்துல டேபிள் இல்லப்பா."

புது உறையில் என் டேப்லெட்டை மாட்டி மடியில் வைத்து, அன்றைக்கு முடிக்க வேண்டிய காட்சியிலிருந்து ஒரு முழு வசனத்தை அடித்தேன். முழங்காலை ஆட்டினேன். கால்மேல் கால் போட்டேன். திரை அசையவில்லை. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று இன்னொரு வசனமும் அடித்துவிட்டு, என் கார்டை நீட்டினேன்.

குறையே இல்லாத பொருள் என்று சொல்ல மாட்டேன். பை கனக்கிறது. வெளிர்நிற உறையில் காபிக் கறை போகவே மாட்டேன் என்கிறது. எனக்கு அது வாங்கத் தகுந்ததுதான். மடியில் நிற்கிறது, என் வேலை நடக்கிறது.

போன வாரம் குடியிருப்போர் சங்கத்துக்கு ஏதோ கடிதம் அடிக்க வேண்டுமென்று கணவர் அதைக் கேட்டார்.

"வேலையா இருக்கேன். முடிச்சுட்டுத் தரேன்" என்றேன்.

எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அவசரப்படவில்லை.