கிரண் பாபுவின் மீசை

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். முக்கியமாக உங்கள் அம்மாக்களுக்கு. அவர்கள் உடனே என் அம்மாவுக்குப் போன் போட்டுவிடுவார்கள். பழைய பேங்க் குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்த உங்களுக்கு மட்டும், விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

ஈரச் சுண்ணாம்பு வாசனை நினைவிருக்கிறதா?

ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தபோது நம் பள்ளியின் மாடிப்படி முழுக்க அந்த வாசனைதான். பிரெஞ்சுக்காரர்கள் வங்காளத்தின் அந்த ஆற்றங்கரை ஊரை ஆண்ட காலத்தில், அவர்களுடைய அரசாங்கம் கட்டிய பள்ளி. உயரமான பச்சை ஜன்னல்கள்... மழை வந்தால் ஒன்றுகூட ஒழுங்காகச் சாத்தாது. நனைந்துகொண்டே படிப்போம்.

படிக்கட்டுச் சுவரில் பேர்பெற்ற பழைய மாணவர்களின் பளிங்குக் கற்கள், எல்லாம் பிரெஞ்சில். ஒரு நீதிபதி, ஒரு கப்பல் இன்ஜினியர், பாரிஸுக்குப் போய்ப் பேராசிரியரான ஒருவர். அவர்களை நாம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

நமக்குக் கிரண் பாபுதான் எல்லாம். காலராக் காலத்தில் படகிலேயே போய் வைத்தியம் பார்த்த டாக்டர். ஹாலில் அவருடைய பெரிய படம். வேட்டி, வட்டக் கண்ணாடி, முறுக்கு மீசை. பரீட்சைக்கு முன் அந்தப் படச் சட்டத்தைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வோமே... எனக்கு எட்டாது. சுதா, நீதான் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டாய்.

"சட்டுனு கும்புடுட்டி, என்னா கனம் கனக்க!"

அன்றைக்குக் கணக்கில் பாஸ்.

பிறகு நீங்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டீர்கள். அப்பாவுக்கு ஹவுராவுக்கு மாற்றல் வந்தபோது நான் மட்டும் அழுது அடம்பிடித்தேன். இப்போதும் தினமும் லோக்கல் ரயிலில் அதே பள்ளிக்குத்தான் போகிறேன்.

இனிதான் விஷயமே.

நாளை பள்ளியின் ஆண்டு விழா. அதற்காக வெள்ளையடிக்கிறவர்கள் மாடிப்படியின் கீழே இருந்த வாட்டர் ஃபில்டரை நகர்த்தினார்கள். பின்னால் இன்னொரு பளிங்குக் கல். கிரண் பாபுவினுடையது!

நான் பிரெஞ்சு எடுத்திருக்கிறேன், தெரியுமல்லவா? பிரெஞ்சில் 'பழைய மாணவன்' என்று எழுதுவதைவிட 'பழைய மாணவி' என்று எழுதும்போது இரண்டு எழுத்து கூடும். வாயால் சொன்னால் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். கண்ணால் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கிரண் பாபுவின் கல்லில் அந்த இரண்டு எழுத்தும் இருந்தன.

பக்கத்தில் நின்ற என் தோழி மௌ விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, கிரண் பாபு இல்லடி, கிரண் தீதி! அப்ப அந்த மீசை?" ஐயா ஒரே நொடியில் அக்கா ஆகிவிட்டார்.

மீசை எப்படி முளைத்தது என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளியின் வரலாற்றை முதலில் வங்காள மொழியில் எழுதியிருக்கிறார்கள். அதில் 'தினி' என்று இருக்கிறது. நம் 'அவர்' மாதிரி. ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். கிரண் என்ற பேரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் மாற்றியவர் 'ஹீ' என்று போட்டார். படம் வரைந்தவர் மீசை வைத்தார். அவ்வளவுதான்.

விழாவில் அந்த வரலாற்றை ஆங்கிலத்தில் படிக்கப் போகிறவள் நான். அதனால் ஒத்திகையில் ஹெட்ஸாரிடம் சொன்னேன். எல்லார் முன்னாலும்.

"கல்லு வெட்டினவன் தப்பா வெட்டிருப்பான். அப்போ இது பசங்க ஸ்கூல்மா."

"மத்த கல்லுல எல்லாம் சரியா வெட்டிருக்கானே ஸார்?"

"பாருங்கப்பா, எங்க ஊர் சரித்திரத்தை மெட்ராஸிப் பொண்ணு வந்து எங்களுக்குச் சொல்லித் தருது!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. பிரெஞ்சு டீச்சர் என் காதருகே வந்து, "நீ சரியாத்தான் படிச்சிருக்கே" என்றார். சொல்லிவிட்டு வேகமாக நகர்ந்துவிட்டார்.

மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எழுதிக் கொடுத்ததை அப்படியே படிக்க வேண்டும், இல்லாவிட்டால் டிசி. திரும்பும் ரயிலில், ஹவுரா நெருங்கும்போது அப்பா மெல்ல ஒரு வழி சொன்னார்.

"ஏம்மா, பெங்காலில படிக்கேன்னு கேட்டுப் பாரேன். தினின்னு சொன்னா ஆம்பளையும் ஆச்சு, பொம்பளையும் ஆச்சு. பொய்யும் இல்ல, வம்பும் இல்ல."

வீட்டில் அம்மா அதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். "செத்துப்போன டாக்டருக்காவ உன் படிப்பைக் கெடுத்துக்கிடுவியாட்டி?"

அப்பா சொன்ன வழி நல்ல வழிதான். அதனால்தான் எனக்கு அத்தனை கோபம். இத்தனை வருடமும் அந்த வழியில்தானே அந்த டாக்டரை மறைத்து வைத்திருந்தார்கள்? திட்டி மறைக்கவில்லை, மரியாதையாக மறைத்தார்கள். மேலே பாருங்கள்... நானும் 'அவருடைய பெரிய படம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். உங்களில் ஒருவருக்காவது சந்தேகம் வந்ததா?

அந்தக் காலத்தில் எனக்கு இருந்த பயமெல்லாம் கணக்கைப் பற்றித்தான். எவ்வளவு சின்ன பயம்! சாயங்காலம் மணி அடித்தால் மறந்துபோகும். இப்போது இருக்கும் பயம் சாப்பிடவே விடவில்லை. வாயைத் திறந்தால் குரல் நடுங்குகிறது.

நடுங்கட்டும். நடுங்கும் குரலிலும் 'ஷீ' என்று சொல்ல முடியும், சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஒரு தடவை சொன்னால் நாக்குத் தவறிவிட்டது என்பார்கள். அதனால் எல்லா வாக்கியத்திலும் சொல்வேன். மைக்கை அணைத்தால் கத்திச் சொல்வேன். மெட்ராஸிப் பொண்ணு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவள் டாக்டர். அவள் படகில் போனாள். அவள் என் பள்ளியில் படித்தாள்.

டிசி கொடுத்தால் கொடுக்கட்டும். அன்றிலிருந்து நானும் அந்தப் பள்ளியின் பழைய மாணவிதானே? அந்த இரண்டு எழுத்தை என்னிடமிருந்து எந்த ஹெட்ஸாரும்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா