உப்புப் போட்ட புளி

லாமி இறந்த செய்தியை எங்கள் தேவாலயப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில்தான் பார்த்தேன். அவர் என் சொந்த அண்ணையின் மனைவி. பதினைந்து வருடமாக அண்ணையும் நானும் பேசுவதில்லை. அதனால் எல்லோருக்கும் வந்ததுபோல எனக்கும் வந்தது. வேலை இடைவேளையில் இரண்டு தரம் வாசித்துவிட்டு, மீண்டும் ஷிப்டுக்குப் போனேன்.

வட நைஜீரியாவில் ஹவுசா குடும்பமொன்றில் பிறந்து, மன்னார்க்காரனைக் கட்டி, லண்டன் வால்தம்ஸ்டோவில் வாழ்ந்தவர். பங்கில் உள்ள உங்கள் பிள்ளைகளுக்கு அவரை நன்றாகத் தெரியும். ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் புளி இனிப்புச் செய்து கொடுப்பார். அவருடைய மொழியில் இனிப்புக்கு அலேவா என்று பெயராம். புளியைக் கரைத்து, சீனி, இஞ்சி, கொஞ்சம் மிளகாய்த்தூள் சேர்த்து, பாகு சட்டியை விட்டு விலகும்வரை கிண்டுவார். பிறகு உள்ளங்கையில் எண்ணெய் தடவி உருட்ட வேண்டும். "கை பொறுக்கிற சூட்டில உருட்டுங்கோ, ஆறினால் கல்லாப் போயிடும்" என்று அவசரப்படுத்துவார்.

அந்தக் கல்யாணத்தை நான் விரும்பவில்லை. அதைத் தடுக்கச் சொல்லி, மன்னாரில் இருந்த அம்மாவுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். அம்மா கடைசிவரை அந்த மருமகளோடு தொலைபேசியில்கூடப் பேசவில்லை. எங்கள் சண்டை அதில் தொடங்கியது. அண்ணை என்னைப் பேசிய பேச்சையும் நான் மறக்கவில்லை. அதை இங்கே எழுதினால் என் பக்கத்தைத்தான் எழுதுவேன். விடுகிறேன்.

ஞாயிறுகளில் மகளை லாமியின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் காரிலேயே இருப்பேன். ஒரு ஞாயிறு லாமி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி, புளி முடிஞ்சுது. வாங்கிக்கொண்டு வர ஏலுமோ?"

கடைக்குப் போகச் சோம்பலாக, பஞ்சியாக இருந்தது. காரின் பின் இருக்கையில் ஊரிலிருந்து வந்த பழப்புளிப் பொதி ஒன்று கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். எங்கள் ஆட்கள் புளியை உப்புப் போட்டுத்தான் கட்டி வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் வெளியே ஓடிவந்து துப்பினார்கள். "பெரியம்மா, இட்ஸ் ஸோ சால்ட்டி" என்றாள் என் மகள். லாமி மறுபடி காரடிக்கு வந்தார்.

"என்ன தம்பி, புளிக்கும் உப்புப் போடுவியளோ?"

"ஓம். பழுதாகாமல் இருக்க."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அஞ்சாறு வரியம் கிடக்கும்."

"உங்கட வீட்டில எல்லாத்தையும் அப்பிடித்தான் வைச்சிருக்கிறியள்" என்று சிரித்தார். "இறங்கி வாங்கோ. இவரை வேற புளி வாங்க அனுப்பிப்போட்டன். உருட்ட ஆள் வேணும்."

அன்றுதான் முதல்முறை அந்த வீட்டுக்குள் போனேன். புளியோடு வந்த அண்ணை மேசையின் ஒரு பக்கம் நின்றார், மறுபக்கம் நான். என் கையில் பாகு ஒட்டியபோது எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான்.

புறப்படும்போது லாமி வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னார். "நீங்கள் அம்மாவுக்கு எழுதின கடிதம் எங்களிட்டை இருக்கு. அம்மாதான் அனுப்பினவ. தமிழ் வாசிக்கப் பழகின உடனை அதைத்தான் வாசிச்சன்." நான் கார்ச் சாவியை எடுத்தேன். "உங்கட எழுத்து நல்ல வடிவு" என்றார். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த முறை மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். மூன்று வருடம் போனது. அவர் நோயில் விழுந்ததும் தெரியும். ஒவ்வொரு வாரமும் போகாமலிருக்கக் களைப்பைச் சாட்டாகச் சொல்லிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் அண்ணையிடம் போனேன். "அண்ணை, அந்தக் கடிதம் என்ர பிழை."

"எனக்கேன் சொல்லுறாய்? அவவுக்கெல்லோ சொல்லியிருக்க வேணும்" என்றுவிட்டு, வந்தவர்களைக் கவனிக்கப் போனார். அவரில் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சொன்னது சரி.

லாமியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு செய்முறையும், சொல்லாமல் விட்ட ஒரு வசனமும். செய்முறை என்னைவிட மகளுக்கு நன்றாகத் தெரியும். வசனத்தை, அவரை அறிந்த உங்கள் முன்னால் எழுதிவைக்கிறேன்: மச்சாள், அந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாது.