நகராத பந்து

ரஸ் ஹேவர்காம்ப் தன் பெண்டாட்டி முகத்தைவிட அதிகம் பார்த்தது என் பின்புறத்தைத்தான். அமெரிக்கக் கால்பந்தில் டுலூத் ஊர் அணிக்கு அவன் பந்தை எறியும் குவாட்டர்பேக், நான் சென்டர். அவனுக்கு முன்னால் குனிந்து பந்தைப் பிடித்திருப்பேன். சொல்லிவைத்தபடி அவன் குரல் வந்ததும் கால்களுக்கு நடுவே அவன் கையில் கொடுப்பேன். அவன் எறிவான், ஊர் அவனைக் கொண்டாடும். என்னை எந்த நாய் பார்த்தது!

அந்தக் கத்தும் குரல் அவன் அப்பாவால் வந்தது. துறைமுகத்தில் இரும்புத்தாது கொட்டிக் கொட்டிக் காது போனவர் அவர். அந்த வீட்டில் உப்பு கேட்பதற்கும் கத்த வேண்டும். அணியில் ரஸ்ஸுக்கு முதல் நான்கு வருடம் பெஞ்சுதான். பிறகு முதல் ஆட்டக்காரனுக்குக் கால் முறிந்தது, இவன் களத்தில் இறங்கினான், பதின்மூன்று வருடம் வெளியேறவே இல்லை. அவனைக் காக்க முன்வரிசையில் நின்று அடி வாங்கும் எங்கள் ஐந்து பேருக்கும் வியாழக்கிழமைதோறும் அவன் வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி மேரன் சமைப்பாள்.

என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன் இறுதி ஆட்டம். எங்களுக்கு மூன்று புள்ளி முன்னிலை, கடைசி நிமிடம், நான்காவதும் கடைசியுமான முயற்சி, பந்து எங்களிடமே இருக்க இன்னும் இரண்டு கஜம் முன்னேற வேண்டும்.

"பந்து நகரக் கூடாது," என்றான் ரஸ். "நான் சும்மா கத்துவேன். அவனுங்க ஏமாந்து முன்னாடியே கோட்டைத் தாண்டினா அபராதமா நமக்கு அஞ்சு கஜம்."

கத்தினான். ஏமாந்தது யார்? நான்தான்! பந்தைக் கொடுத்துத் தொலைத்தேன். அது அவன் முழங்காலில் பட்டுத் தெறித்தது. எதிராளி அள்ளிக்கொண்டு ஓடிப் புள்ளி எடுத்தான். கோப்பை போயிற்று.

"தப்பு என்னோடது, மாத்திக் கத்திட்டேன்," என்று பத்திரிகைக்காரர்களிடம் ரஸ் சொன்னான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை கேட்டேன். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"எனக்குத் திட்டு பழகிப்போச்சு. உன் பேரைச் சொன்னா உன் பொண்ணுங்களை ஸ்கூல்ல ஓட்டியே கொல்லுவாங்க. சாப்பிடுடா குண்டா."

சாப்பிட்டேன். எட்டு வருடம் உண்மையைச் சொல்லவில்லை. கோழைப்பயல் நான்.

போன ஜனவரியில் மறுபடி இறுதி ஆட்டம். ரஸ்ஸுக்கு முப்பத்தொன்பது வயது, தோள் செத்துவிட்டது, இதுதான் கடைசி என்று அறிவித்துவிட்டான். அவன் கையில் ஒரு கோப்பைகூட இல்லை. பாழாய்ப்போன விதியைப் பாருங்கள்: அதே மூன்று புள்ளி, அதே கடைசி நிமிடம், அதே இரண்டு கஜம்! பந்தைத் தூர உதைத்து எதிரணிக்கே விட்டுவிடச் சொல்லிப் பயிற்சியாளர் கையசைத்தார். ரஸ் தலையாட்டி மறுத்தான்.

"லானி, பந்து நகரக் கூடாது."

"டேய் கிழவா, வேணாம்டா. என்னை நம்பாத."

"உன்னை நம்பாம வேற எவனை நம்புறது? குனிடா!"

குனிந்தேன். கொல்லும் குளிரில் பந்தை இறுக்கிப் பிடித்தேன். ஒரு தடவை கத்தினான். யாரும் அசையவில்லை. இரண்டாவது தடவை என் கை துடித்தது, அடக்கினேன். மூன்றாவது கத்தலில் எதிரே இருந்த தடியன் பாய்ந்து என் மேலேயே விழுந்தான். தப்பாட்டம் என்று நடுவரின் மஞ்சள் துணி பறந்தது. பந்து என் பிடியில் அப்படியே இருந்தது!

ஐந்து கஜம். பந்து எங்களிடமே. அப்புறம் என்ன? ரஸ் பந்தை வாங்கி, கடிகாரம் ஓடட்டும் என்று இரண்டு முறை முட்டிபோட்டான், நேரம் முடிந்தது. அரங்கமே அலறியது. கோப்பையைத் தூக்கியபோது அவனுக்குத் தோள் வலிக்கவே இல்லையாம், புளுகன்.

அவன் ஓய்வுபெற்ற நாளில், ஊரே கூடிய மண்டபத்தில் ஒரு நிருபர் கேட்டார். "பதினேழு வருஷத்துல உங்க சிறந்த எறி எது?"

"எறியாததுதான். லானி கையை விட்டு நகராத பந்து."

எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கினேன். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி தப்பு பண்ணது நான். எனக்காக இவன் பொய் சொன்னான்."

கடைசி வரிசையில் இப்போது வளர்ந்துவிட்ட என் இரண்டு பெண்களும் எழுந்து கைதட்டினார்கள். ஊரும் சேர்ந்து தட்டியது. நான் குழந்தைபோல அழுதேன்.

"போதும்டா குண்டா!" அதே தொண்டையில் கத்தினான் ரஸ். "இன்னைக்கு வியாழக்கிழமை. மேரன் அடுப்பைப் பத்த வச்சிட்டா. பொண்ணுங்களையும் கூட்டிட்டு வா!"